கேட்பாரற்ற வீடுகள்: அமெரிக்க மாநகராட்சிகள் கற்றதும் கற்காததும்

2022 ஜனவரி 24 அதிகாலை, பால்டிமோர் நகரின் தென் ஸ்ட்ரிக்கர் தெருவில் பூட்டிக்கிடந்த ஒரு வீடு தீப்பிடித்தது. சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட பழைய செங்கல் வீடுகளில் அதுவும் ஒன்று. தீயணைப்பு வீரர்கள் உள்ளே இருந்தபோதே கட்டடம் சரிந்தது, மூவர் இறந்தார்கள். 2015-லும் இதே வீடு எரிந்திருக்கிறது. அப்போதும் மூன்று தீயணைப்பு வீரர்களுக்குக் காயம். அப்போதும் அது ஆளில்லாத வீடுதான்.

ஒருமுறை எரிந்து, ஆட்களைக் காயப்படுத்தி, ஆபத்தானது என்று அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்ட ஒரு கட்டடத்தை ஒரு பெரிய மாநகராட்சியால் ஆறு ஆண்டுகளாக ஏன் ஒன்றும் செய்ய முடியவில்லை? அந்தச் சமயத்தில் பால்டிமோரில் இப்படிப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 15,000 இருந்தன. அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்கள் அனைத்திலும் இந்தக் கேள்வி உண்டு. ஐம்பது ஆண்டுகளாக அவை அபராதம் போட்டிருக்கின்றன, வரியை ஏற்றியிருக்கின்றன, ஏலம் விட்டிருக்கின்றன, இடித்திருக்கின்றன, நூறு டாலருக்கும் ஒரு டாலருக்கும் மனைகளை விற்றிருக்கின்றன. இந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வீட்டைப் போட்டுவிட்டு ஓடியவரைப் பிடிக்க எழுதிய சட்டம், வீட்டை விட்டுப்போக முடியாமல் உள்ளேயே இருக்கும் ஏழையையும் சேர்த்தே பிடிக்கிறது. இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஊர்களுக்குத்தான் ஓரளவு பலன் கிடைத்திருக்கிறது.

வீடு எப்படிக் கைவிடப்படுகிறது

முதல் காரணம் மக்கள்தொகை. 1950-ல் டெட்ராய்ட்டில் 18.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள், 2020-ல் 6.4 லட்சம்தான். கிளீவ்லாந்து 9.15 லட்சத்திலிருந்து 3.73 லட்சத்துக்கு இறங்கியது, பால்டிமோர் 9.5 லட்சத்திலிருந்து 5.86 லட்சத்துக்கு. தொழிற்சாலைகள் வெளியேறின. புதிய நெடுஞ்சாலைகளும் அரசு உத்தரவாதமுள்ள வீட்டுக்கடன்களும் வெள்ளையர்களைப் புறநகருக்கு அழைத்துச் சென்றன. கறுப்பினத்தவருக்கோ அந்தக் கடன் பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டது. இருபது லட்சம் பேருக்காகக் கட்டிய ஊரில் ஆறு லட்சம் பேர் வாழும்போது மிச்ச வீடுகளில் குடியிருக்க ஆளில்லை.

இரண்டாவது காரணம் வெறும் கூட்டல் கழித்தல். உதாரணத்துக்கு, ஒரு வீட்டைச் சீர்செய்ய ஒரு லட்சம் டாலர் ஆகும், சீர்செய்து விற்றால் அறுபதாயிரம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வங்கியும் அதற்குக் கடன் தராது. எந்த உரிமையாளரும் கைக்காசைப் போடமாட்டார். அப்படியே விட்டுவிட்டால் அழிவு வேகமாக வரும். குளிர்காலத்தில் வெப்பமூட்டி நின்றதும் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கிறது. பழைய இரும்புக் கடைக்காகச் செம்புக் குழாயையும் மின்கம்பியையும் பெயர்த்துக்கொண்டு போக ஆள் வருகிறார்கள். கூரையில் விழுந்த ஒரு சிறிய ஓட்டை வழியாக மழையும் பனியும் இறங்கி, சில ஆண்டுகளில் மரத்தளம் இற்றுவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரரின் பொதுச்சுவர் ஓதம் காக்கிறது. அவருடைய வீட்டுக் காப்பீடு சிக்கலாகிறது. அவரும் விற்கப் பார்க்கிறார், வாங்க ஆளில்லை. ஒரு வீட்டில் தொடங்கியது தெரு முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது: பத்திரம். தாத்தா இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும். வாரிசுகள் நான்கு மாநிலங்களில் சிதறியிருப்பார்கள். ஃபிலடெல்ஃபியாவில் மட்டும் இப்படி வாரிசுச் சிக்கலில் மாட்டிய வீடுகள் 10,407 என்று பியூ அறக்கட்டளை 2021-ல் கணக்கிட்டது. அவற்றின் மதிப்பு 110 கோடி டாலருக்கு மேல். உள்ளே குடியிருக்கும் பேத்திக்கு அது தன் வீடு. காகிதப்படி அவர் யாரோ ஒருவர். அதனால் பழுதுபார்க்கும் உதவித்தொகைக்கோ வரிச் சலுகைக்கோ அவரால் விண்ணப்பிக்க முடியாது.

2008 வீட்டுக்கடன் நெருக்கடி இதில் இன்னொரு வகையைச் சேர்த்தது. கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் போன்ற பகுதிகளில் வங்கி ஜப்தி நோட்டீஸ் அனுப்பும். குடும்பம் சாமான்களோடு வெளியேறும். பிறகு அந்த வீடு தேறாது என்று வங்கி வழக்கைப் பாதியிலேயே கைவிட்டுவிடும். பத்திரத்தில் இருப்பது அந்தக் குடும்பத்தின் பெயர்தான். தாங்கள் இன்னமும் உரிமையாளர்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. மாநகராட்சி அபராத நோட்டீஸ் அனுப்பினால் அது அதே காலி வீட்டின் தபால் துளையில் போய் விழும்.

எண்ணத் தெரியாத ஊர்

எத்தனை வீடுகள் என்று தெரியாமல் எதையும் தொடங்க முடியாது. ஆனால் பெரும்பாலான மாநகராட்சிகளிடம் இந்தக் கணக்கே இல்லை. வரி பாக்கி விவரம் கவுன்டி எனும் மாவட்ட நிர்வாகத்தின் பொருளாளரிடம் இருக்கும், தண்ணீர் இணைப்பு விவரம் குடிநீர்த் துறையிடம், தீ விபத்து விவரம் தீயணைப்புத் துறையிடம். ஒன்றோடொன்று பேசாது.

டெட்ராய்ட் 2013-ல் திவால் மனு போட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் ஊர் முழுவதையும் எண்ணினார்கள். கார்களில் தெருத்தெருவாகப் போய், கையிலிருந்த டேப்லெட்டில் ஒவ்வொரு மனையையும் படமெடுத்து, கூரை எப்படி, ஜன்னல் எப்படி, எரிந்திருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று பதிந்தார்கள். ஏறத்தாழ 3.8 லட்சம் மனைகள். 2014 மே மாதம் வந்த அறிக்கை, சீரழிந்த அல்லது சீரழிவின் அறிகுறி தெரிகிற கட்டடங்களும் குப்பை மனைகளுமாக 84,641 என்றது. அவற்றில் ஏறத்தாழ 40,000 கட்டடங்களை உடனே கவனிக்க வேண்டும். வீடுகளைச் சரிசெய்ய மட்டும் 85 கோடி டாலர் வேண்டும். பழைய தொழிற்சாலைகளையும் சேர்த்தால் 200 கோடியைத் தொடும் என்று கணித்தார்கள்.

கத்ரீனா புயலுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ் இதையே வேறு விதமாகச் செய்தது. 2010 நவம்பரிலிருந்து பொதுமக்கள் முன்னிலையில் தவறாமல் கூட்டம் நடத்தியது. எத்தனை வீடுகளை ஆய்வு செய்தீர்கள், எத்தனை விசாரணை முடிந்தது, எத்தனை இடித்தீர்கள் என்று ஒவ்வொரு துறை அதிகாரியும் எண்களோடு பதில் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குள் 10,000 பாழடைந்த சொத்துகளைக் குறைப்பது என்று வைத்த இலக்கை எட்டிவிட்டதாக நகரம் அறிவித்தது. புதிய சட்டம் எதுவும் பெரிதாக இயற்றப்படவில்லை. இருந்த சட்டத்தை யார் எந்த மேசையில் தேக்கி வைத்திருக்கிறார்கள் என்பது வெளிச்சத்துக்கு வந்தது.

உரிமையாளரை வழிக்குக் கொண்டுவருதல்

எண்ணிய பிறகு முதலில் வருவது கட்டட விதிகளின்படி நோட்டீஸும் அபராதமும். இது எல்லா ஊரிலும் உண்டு. பல ஊர்களில் எடுபடுவதில்லை. இருநூறு டாலர் அபராதத்தைச் செலுத்துவது கூரை போடுவதைவிட மலிவு. எனவே சில நகரங்கள், வீட்டைக் காலியாக வைத்திருப்பதையே செலவுள்ள காரியமாக மாற்றின. டெலவர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரம் 2003-ல் ஒரு பதிவுக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. வீடு ஓராண்டு காலியாக இருந்தால் 500 டாலர். ஆண்டு ஏற ஏறக் கட்டணமும் ஏறி, பத்தாண்டில் 5,000 டாலர் ஆகும். தலைநகர் வாஷிங்டன் சொத்து வரி விகிதத்திலேயே கைவைத்தது. குடியிருக்கும் வீட்டுக்கு 100 டாலர் மதிப்புக்கு 85 சென்ட் வரி. காலி வீட்டுக்கு 5 டாலர். பாழடைந்த வீட்டுக்கு 10 டாலர். பத்தே ஆண்டுகளில் வீட்டின் முழு மதிப்பும் வரியாகப் போய்விடும்.

இது வாஷிங்டனில் செல்லும். அங்கே மனைக்கு விலை உண்டு. வாங்க ஆள் காத்திருக்கிறார். வரி உறைத்ததும் உரிமையாளர் விற்றுவிடுவார். இதே வரியை டெட்ராய்ட்டின் கிழக்குப் பகுதியில் போட்டால் அவர் வீட்டை வரியோடு சேர்த்துக் கைகழுவிவிடுவார். சந்தை எப்படியோ அதற்கேற்ற கருவி வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் முதல் பாடம்.

பால்டிமோர் இந்தப் பாடத்தைக் கொள்கையாக்கிப் பார்த்தது. 2010-ல் மேயர் ஸ்டெபனி ராலிங்ஸ்-பிளேக் தொடங்கிய திட்டம் நகரத்தைத் தெருத்தெருவாகப் பிரித்தது. வாங்க ஆள் உள்ள தெருவில் மாநகராட்சி நீதிமன்றத்துக்குப் போய், வீட்டுக்கு ரிசீவர் எனும் பொறுப்பாளரை நியமிக்கச் சொல்லும். சீர்செய்யும் வசதி தனக்கு இருக்கிறது என்று காட்டக்கூடியவருக்கு மட்டும் ரிசீவர் அந்த வீட்டை ஏலம் விடுவார். மாநகராட்சி ஒருநாள்கூட வீட்டின் உரிமையாளராக வேண்டியதில்லை. பல வழக்குகளில் ஏலம் வரை போகவே வேண்டியிருக்கவில்லை. நீதிமன்ற நோட்டீஸைப் பார்த்ததும் உரிமையாளரே கொத்தனாரைக் கூப்பிட்டார். வாங்க ஆளில்லாத தெருக்களில் வரிசையாக இடிப்பது என்று முடிவு. முறை நல்ல முறைதான். ஆனால் ஒருபக்கம் வீடுகள் சீராக, மறுபக்கம் புதிதாக வீடுகள் காலியாகிக்கொண்டிருந்ததால், மொத்த எண்ணிக்கை பத்தாண்டு கழித்தும் பெரிதாகக் குறையவில்லை. 2023 டிசம்பரில் மேயர் பிராண்டன் ஸ்காட் அறிவித்த அடுத்த திட்டத்தின் அளவு 15 ஆண்டுகள், 300 கோடி டாலர்.

நீதிபதியின் அணுகுமுறையும் இதில் முக்கியம். கிளீவ்லாந்துக்கு வீடு சார்ந்த வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் உண்டு. அங்கே நீண்டகாலம் நீதிபதியாக இருந்த ரேமண்ட் பியாங்கா இரண்டு வகை உரிமையாளர்களை இரண்டு விதமாக நடத்தினார். கூரையைச் சரிசெய்யப் பணமில்லாத முதியவருக்கு அவகாசமும் உதவி கிடைக்கும் வழியும் காட்டினார். நீதிமன்றத்தை மதிக்காத வங்கிகளுக்கும் வெளிமாநில முதலீட்டு நிறுவனங்களுக்கும் கடுமையான அபராதம் விதித்தார். ஒரே விதிமீறல், இரண்டு தீர்ப்பு. விதியை விட்டுக்கொடுக்காமல் ஆளைப் பார்த்து முடிவெடுத்ததற்கு இது நல்ல உதாரணம்.

கவனமில்லாமல் கொடுக்கும் அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்பதைப் பென்சில்வேனியா காட்டியது. 2008-ல் இயற்றிய 135-ஆம் எண் சட்டம், கைவிடப்பட்ட வீட்டைப் பராமரிக்கத் தனக்குப் பொறுப்புக் கொடுக்குமாறு தகுதியுள்ள தொண்டு நிறுவனமோ அக்கம்பக்கத்தவரோ நீதிமன்றத்தைக் கேட்க வழிசெய்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஃபிலடெல்ஃபியாவில் மனை விலை ஏறிவரும் பகுதிகளில், கொஞ்சம் பழுதான ஆனால் உரிமையாளர் உள்ள வீடுகளைக் குறிவைத்து மனுக்கள் வருவதாகப் புகார் எழுந்தது. உண்மையில் பாழடைந்த தெருக்களில் மனு போட ஆளில்லை. அங்கே லாபமில்லையே.

வரி பாக்கி, ஏலம், நில வங்கி

கைவிடப்பட்ட வீட்டுக்குப் பெரும்பாலும் சொத்து வரியும் பாக்கி இருக்கும். அதனால் மாநகராட்சிக்கு வீடு வந்து சேரும் முக்கிய வழி வரி ஜப்திதான். பழைய முறை, ஜப்தி செய்த வீட்டை அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விடுவது. டெட்ராய்ட் அமைந்த வேய்ன் கவுன்டியின் இரண்டாவது சுற்று ஏலத்தில் அந்நகர வீடுகள் 500 டாலரில் தொடங்கின. வாங்கியவர்களில் பலர் வீட்டைப் பார்த்ததுகூட இல்லை. ஓரிரு ஆண்டுகள் வாடகை வாங்கிக்கொண்டு, வரி கட்டாமல், மறுபடி ஜப்திக்கு விட்டுவிடுவார்கள். வீடு ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் மோசமாகி, அதே ஏலத்துக்கே வரும்.

இந்தச் சுற்றை உடைக்க உருவானதே நில வங்கி. கைவிடப்பட்ட சொத்துகளை வாங்கி, வில்லங்கம் நீக்கி, பொறுப்புள்ள கைக்கு மாற்றிக்கொடுக்கும் அரசு அமைப்பு அது. முதல் நில வங்கி 1971-ல் செயின்ட் லூயியில் தொடங்கியது; ஆனால் அது வேண்டாத மனைகளின் கிடங்காகவே நெடுங்காலம் இருந்தது. உண்மையான மாற்றம் மிச்சிகனில் நடந்தது. 1999-ல் அந்த மாநிலம் ஜப்திச் சட்டத்தைத் திருத்தியது. பல ஆண்டுகள் இழுத்த நடைமுறை ஏறத்தாழ மூன்றாண்டுக்குள் முடிந்து, நீதிமன்றத் தீர்ப்போடு சுத்தமான பத்திரம் கைக்கு வந்தது. ஜெனிசி கவுன்டியின் பொருளாளராக இருந்த டான் கில்டி இதைப் பயன்படுத்தி 2002-ல் ஃபிளின்ட் நகரில் நில வங்கியைத் தொடங்கினார். ஏலத்தில் யாரோ அள்ளிப்போவதற்குப் பதிலாக, நல்ல வீட்டை விற்று வரும் பணத்தில் மோசமான வீட்டை இடிப்பது அவருடைய கணக்கு. 1973-லிருந்து பூட்டிக்கிடந்த டுரண்ட் ஹோட்டல் நில வங்கியின் கைக்கு வந்து, 2010-ல் குடியிருப்பாகத் திறந்தது.

கிளீவ்லாந்து அமைந்த கயஹோகா கவுன்டியில் இன்னொரு பொருளாளர், ஜிம் ரொகாகிஸ், ஒஹாயோ சட்டமன்றத்தில் வாதாடிப் புதுச் சட்டம் வாங்கினார். 2009-ல் அங்கே நில வங்கி வந்தது. ஆண்டுதோறும் யாரிடமும் கையேந்த வேண்டாதபடி, தாமத வரி மீதான அபராதத்திலும் வட்டியிலும் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கியது சட்டம். வங்கிகளும் அரசு சார்ந்த வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மேயும் தேறாத வீடுகளை மிகக் குறைந்த விலைக்கு இந்த நில வங்கிக்கே கொடுக்க ஒப்பந்தம் போட்டன. இன்று அமெரிக்காவில் முன்னூறுக்கு மேற்பட்ட நில வங்கிகள் உள்ளன. மிகப் பெரியது டெட்ராய்ட்டில் உள்ளது. ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மனைகள் அதன் கையில் இருந்தன.

இதே ஜப்தி இயந்திரத்தின் மறுபக்கமும் டெட்ராய்ட்டிலேயே தெரிந்தது. மிச்சிகன் அரசியல் சாசனப்படி, வரிக்காகப் போடும் மதிப்பு சந்தை மதிப்பில் பாதியைத் தாண்டக் கூடாது. 2008-க்குப் பின் வீட்டு விலை தரையைத் தொட்டது. நகரத்தின் மதிப்பீட்டு ஏடுகளோ பழைய விலையிலேயே நின்றன. ஊர் முழுவதையும் மறுமதிப்பீடு செய்யும் வேலை 2017-ல்தான் முடிந்தது. அறுபது ஆண்டுகளில் அதுவே முதல்முறை. இடைப்பட்ட காலத்தில் நகரம் குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக வரி விதித்தது என்று டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை கணக்கிட்டது. 2011 முதல் 2015 வரை டெட்ராய்ட் சொத்துகளில் நான்கில் ஒன்று வரி பாக்கிக்காக ஜப்தியானது என்று சட்டப் பேராசிரியர் பெர்னடெட் அட்டுவாஹேனே எழுதினார். மிக ஏழைகளுக்கு முழு வரிவிலக்கு உண்டு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கும் நடைமுறை ஒரு முட்டுச்சந்து. அப்படியொரு விலக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. 2018-ல் ஒரு வழக்குச் சமரசம், தகுதியிருந்தும் விலக்குக் கிடைக்காதவர்கள் தங்கள் வீட்டை 1,000 டாலருக்குத் திரும்பப் பெற வழிசெய்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வெளியேறிவிட்டன. காலி வீட்டை ஒழிக்க வைத்திருந்த சட்டம் குடியிருந்த வீட்டைக் காலியாக்கியது.

நீதிமன்றங்கள் விழித்துக்கொண்டது பின்னர்தான். மிச்சிகனின் ஓக்லாந்து கவுன்டியில் ஒருவர் கட்டத் தவறிய பாக்கி 8 டாலர் 41 சென்ட். கவுன்டி அவருடைய வீட்டை 24,500 டாலருக்கு விற்று மொத்தப் பணத்தையும் வைத்துக்கொண்டது. இது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. மின்னசோட்டாவின் ஹென்னபின் கவுன்டி, 94 வயது மூதாட்டி ஒருவரின் குடியிருப்பை ஏறத்தாழ 15,000 டாலர் வரி, வட்டி, அபராத பாக்கிக்காக எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. மிச்சம் 25,000 டாலரை அவருக்குத் தரவில்லை. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது தவறு என்றார்கள்: வரியை வசூலிக்கலாம், அதற்கு மேல் ஒரு சென்ட்டும் அரசுக்கு இல்லை. நியாயமான தீர்ப்புதான். ஆனால் நல்ல வீட்டின் உபரியில் மோசமான வீட்டை இடிக்கும் ஃபிளின்ட் கணக்கு இதனால் ஆட்டம் கண்டது. அந்தச் செலவுக்கு இனி வரவுசெலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இடிப்பு

இடிப்பைப் போலக் கண்ணுக்குத் தெரியும் கருவி வேறில்லை. அதனாலேயே அரசியல்வாதிகளுக்குப் பிடிக்கும். ஒரு வீட்டை ஜேசிபி ஒரு காலைப்பொழுதில் தரைமட்டமாக்கிவிடும். ஆனால் அதற்கு முன்பே வேலை தொடங்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே இருக்கிறது என்று சோதித்து, அதைப் பயிற்சி பெற்றவர்கள் தனியாக அகற்ற வேண்டும். எரிவாயு, மின்சாரம், தண்ணீர் இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். இடிக்கும்போது குழாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய சுவர்ப் பூச்சில் ஈயம் உண்டு, தூசி பறந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரத்தத்தில் போய்ச் சேரும். நிலவறையின் தளத்தைப் பெயர்த்தெடுத்து, வெறும் பள்ளத்தை ஆய்வாளர் வந்து பார்த்த பின்னரே சுத்தமான மண் போட்டு நிரப்ப வேண்டும். அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதே டெட்ராய்ட்டில் பெரும் சர்ச்சையானது.

இடிப்புக்கான பணம் கூட்டாட்சி அரசிடமிருந்து வந்தது. ஜப்தி ஆபத்தில் உள்ள குடும்பங்களைக் காப்பாற்ற 2010-ல் ஒதுக்கிய கூட்டாட்சி நிதியை, 2013 முதல் இடிப்புக்கும் பயன்படுத்தலாம் என்று கருவூலத் துறை அனுமதித்தது. அதில் 25 கோடி டாலருக்கு மேல் டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தது. இடிப்புச் செலவு ஏறிய விதமும் ஒப்பந்தம் கொடுத்த விதமும் கூட்டாட்சி விசாரணைக்கு உள்ளாகி, 2016-ல் இரண்டு மாதம் நிதியே நிறுத்தப்பட்டது. அந்த நிதி தீர்ந்த பிறகு, 2020 நவம்பரில் 25 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். இம்முறை இடிப்பதோடு, தேறும் வீடுகளைக் காப்பாற்றுவதும் திட்டத்தில் சேர்ந்திருந்தது.

பலன் இருந்ததா? இருந்தது, அளவோடு. இடிப்பு நடந்த பகுதிகளில் துப்பாக்கித் தாக்குதல்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்ததாக டெட்ராய்ட் குறித்த ஓர் ஆய்வு கண்டது. கிளீவ்லாந்து ஆய்வோ வேறொன்றைச் சொன்னது. ஓரளவு நல்ல பகுதியில் ஒரு பாழ்வீட்டை இடித்தால் சுற்றியுள்ள வீடுகளின் மதிப்பு ஏறுகிறது. ஏற்கெனவே பாதி காலியான பகுதியில் அந்த ஏற்றம் அநேகமாக இல்லை. இடிப்பு எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கே அதன் பலன் குறைவு.

இடிப்புக்குப் பின்னால் ஒரு பழைய காயமும் உண்டு. 1949 வீட்டுவசதிச் சட்டம் சேரி ஒழிப்புக்குக் கூட்டாட்சிப் பணம் தந்தது. 1954-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பகுதி மொத்தமும் சீரழிந்தது என்று அறிவித்துவிட்டால், அதிலுள்ள நல்ல கட்டடத்தையும் அரசு கையகப்படுத்தலாம் என்றது. இந்த முத்திரை விழுந்தவை பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள். கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்த பிளாக் பாட்டம் என்ற பகுதியை டெட்ராய்ட் அப்படித்தான் இடித்தது. இடித்த நிலம் பல ஆண்டுகள் புதர்மண்டிக் கிடந்தது. இன்று மாநகராட்சி அதிகாரி ஒருவர் கையில் பட்டியலோடு தெருவுக்கு வரும்போது பாட்டிமார்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

இடித்த பிறகு

வீடு போனால் மனை மிஞ்சும். புல் ஆளுயரம் வளரும். இரவோடிரவாக டயரும் இடிபாடும் வந்து குவியும். இதற்கு மிக எளிய தீர்வைச் சோதித்துப் பார்த்தது ஃபிலடெல்ஃபியா. பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் குப்பையை அள்ளி, நிலத்தைச் சமன்படுத்தி, புல் விதைத்து, ஒன்றிரண்டு மரம் நட்டு, இடுப்புயர மரவேலி போடுகிறது. உள்ளே நுழைய இடைவெளி உண்டு. வண்டி கொண்டுவந்து குப்பை கொட்ட முடியாது. பருவகாலத்தில் மாதந்தோறும் யாராவது வந்து புல் வெட்டுகிறார்கள். அவ்வளவுதான். 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றை இப்படிப் பராமரித்து, சிலவற்றை விட்டுவைத்து ஆய்வாளர் சார்லஸ் பிரானஸின் குழு ஒப்பிட்டது. 2018-ல் வெளியான முடிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. இந்தத் துறையில் இத்தனை உறுதியான சான்றுள்ள நடவடிக்கைகள் மிகச் சில. கோடிகளில் நடக்கும் திட்டங்களுக்கு நடுவே புல்வெட்டும் இயந்திரத்துக்கு இந்தப் பெருமை கிடைத்திருக்கிறது.

இன்னொரு வழி, மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுப்பது. டெட்ராய்ட்டில் ஒட்டிய மனையின் விலை 100 டாலர். சிகாகோ 2014-ல் தொடங்கிய திட்டத்தில் அது ஒரு டாலராக இருந்தது. வாங்குபவர் அதே தெருவில் சொத்து வைத்திருக்க வேண்டும், வரி பாக்கி இருக்கக் கூடாது என்பது அங்கே நிபந்தனையாக இருந்தது. பல ஆண்டுகளாகத் தாங்களே புல் வெட்டி, குப்பை பொறுக்கிக் காத்த மனைக்குக் கடைசியில் பத்திரம் கிடைக்கிறது. மாநகராட்சிக்கோ பராமரிப்புச் செலவு மிச்சம், வரியும் வரவு.

பிற நாடுகளிலிருந்து இரண்டு குறிப்புகள்

இங்கிலாந்தில் வீட்டுப் பஞ்சமும் காலி வீடுகளும் ஒரே ஊரில் சேர்ந்தே உள்ளன. அங்கே உள்ளாட்சி மன்றங்கள், ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு இரண்டு மடங்கு உள்ளாட்சி வரி வாங்கலாம். பத்தாண்டு தாண்டினால் நான்கு மடங்கு. லிவர்பூல் நகரம் 2013-ல் பாழடைந்த வீடுகளை ஒரு பவுண்டுக்குக் கொடுத்தது. தாங்களே சீர்செய்து குடியேற வேண்டும் என்பது நிபந்தனை.

ஜப்பானின் சிக்கல் வேறு. 2023 கணக்கெடுப்பில் அங்கே காலி வீடுகள் 90 லட்சம். மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. வீடு நிற்கும் மனைக்குச் சொத்து வரி ஆறில் ஒரு பங்காகக்கூடக் குறையும் என்ற பழைய சலுகை, இற்றுப்போன வீட்டையும் இடிக்காமல் வைத்திருக்கச் செய்தது. 2015-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் மிக ஆபத்தான வீடுகளுக்கு அந்தச் சலுகையை நீக்கியது. 2023 திருத்தம் பராமரிப்பில்லாத வீடுகளையும் சேர்த்தது. 2024 ஏப்ரலிலிருந்து, பரம்பரைச் சொத்தை மூன்றாண்டுக்குள் வாரிசுகள் தங்கள் பெயரில் பதிய வேண்டும், தவறினால் அபராதம். வாரிசுச் சிக்கலை வேரிலேயே பிடிக்கும் இந்த ஏற்பாடு அமெரிக்க நகரங்களிடம் இல்லை.

எது தேறியது

இத்தனை முயற்சிகளிலிருந்தும் சில முடிவுகளுக்கு வரலாம். தனித்தனிக் கருவி எதுவும் தனியாக வேலை செய்யவில்லை. நோட்டீஸ் அனுப்பும் துறை, வரி வசூலிக்கும் அலுவலகம், வழக்கு நடத்தும் வக்கீல், மனையை மறுபடி விற்கும் அமைப்பு ஆகிய நான்கும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்த ஊர்களில் மட்டுமே எண்ணிக்கை அசைந்தது. கடுமை காட்டும் கருவிகள் மனைக்கு விலையுள்ள இடத்தில் பலிக்கும். விலையில்லாத இடத்தில் பொதுப்பணமும் பொறுமையும்தான் வழி. ஜப்தியை வேகப்படுத்தும் எந்தச் சட்டமும், வீட்டில் ஆள் இருக்கிறாரா என்ற ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும். மிச்சிகனில் அந்தக் கேள்விக்கு உரிய இடம் கிடைத்திருந்தால் டெட்ராய்ட்டின் கதை கொஞ்சம் வேறாக இருந்திருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது, வீடு காலியாகாமல் பார்த்துக்கொள்வது. ஃபிலடெல்ஃபியா நகரம் வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களுக்குக் கூரை, மின்கம்பி, குழாய், வெப்பமூட்டி ஆகியவற்றை இலவசமாகச் சரிசெய்து தருகிறது. அப்படிச் சரிசெய்த வீடுகள் உள்ள தெருப்பகுதிகளில் குற்றங்கள் ஏறத்தாழ 22 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு வீட்டைக் கூரை ஒழுகும்போதே சரிசெய்தால், பிறகு அதை இடிக்கவும் மனையில் புல் வெட்டவும் ஆகும் செலவு மிச்சம். முக்கியமாக, ஒரு குடும்பம் அதே தெருவில் இருக்கும்.

இப்போதைய சிக்கல், மாநகராட்சிகள் தங்களை அளந்துகொள்ளும் முறையில்தான் இருக்கிறது. எத்தனை வீடுகளை இடித்தோம் என்ற எண் தேர்தல் மேடையில் ஒலிக்கிறது. வரிவிலக்கு விண்ணப்பத்தை ஓர் ஊழியர் வீட்டுக்கே கொண்டுபோய் நிரப்பிக் கொடுத்ததால் ஜப்தியாகாமல் தப்பிய வீடு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அந்தக் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று ஒரு மாநகராட்சி முடிவெடுத்தால், அதன் பணமும் ஆட்களும் தாமாகவே சரியான பக்கம் திரும்பும்.